பெரியப்பாவைக் கேட்ட நாலு கேள்வி

எழுபதுகளின் நடுவில், வக்கீலாகி ஒன்றரை வருஷம் கழிந்தும் எனக்கென்று ஒரு வழக்கு வரவில்லை. காலையில் வாலாஜாபாத்தில் பாசஞ்சர் ரயில் ஏறி ஜில்லா கோர்ட்டுக்குப் போவேன். சாயங்காலம் அதே பாசஞ்சரில் திரும்புவேன். கோட்டில் படிந்த ரயில் கரிதான் கண்ட பலன். புதிதாகக் கல்யாணம் ஆனவன் வேறு. "இன்னிக்கு என்ன கேஸ்?" என்று மனைவி கேட்டால், சீனியருடைய கேஸை என்னுடையது போலச் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்காருவேன்.

என்னைப் போல ஏழெட்டுப் பேர் செஷன்ஸ் கோர்ட்டின் பின்பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். நாங்கள் வாய் பார்த்துக்கொண்டிருந்தது 'ஸ்டேட் பிரீஃப்' என்பதற்காக. கொலை வழக்கில் மாட்டியவருக்கு வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால், சர்க்கார் செலவில் கோர்ட்டே ஒருவரை நியமிக்கும். அதற்கு ஒரு பட்டியல் உண்டு. பெரிய வக்கீல்கள் அந்தப் பக்கம் திரும்ப மாட்டார்கள். அந்தக் கூலி அவர்கள் குமாஸ்தாவின் வெற்றிலைபாக்குக்குக் காணாது. எங்களுக்கோ ஜட்ஜின் எதிரில் எழுந்து நின்று பேச அது ஒன்றுதான் வழி. ஏழைகளின் கழுத்தில் தொழில் பழகினோம் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்காது. நடந்தது அதுதான்.

என் முறை வந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. கூண்டில் ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஒல்லியான ஆள், என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். கல்குவாரியில் உடைக்கிற வேலை. குவாரி மேஸ்திரியைக் கடப்பாரையால் அடித்துக் கொன்றதாக வழக்கு. "வக்கீல் வெச்சிருக்கியா?" என்று ஜட்ஜ் கேட்டார். "இல்லீங்க." "வைக்க வசதி இருக்கா?" "இல்லீங்க எசமான்." இரண்டாவது 'இல்லீங்க'வை அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். பெஞ்சு குமாஸ்தா பட்டியலைப் பார்த்து என் பெயரைப் படித்தார். எழுந்து, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, குனிந்து வணங்கினேன்.

அன்று நான் அவரை 'நீ' என்றுதான் பேசினேன். இப்போது எழுதும்போது 'அவர்' என்று வருகிறது. காலம் கடந்து கொடுக்கிற மரியாதைக்கு என்ன மதிப்பு என்று எனக்கே தெரியும்.

குமாஸ்தா வழக்கின் ஊரைப் படித்தபோதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒரகடத்துக்குத் தெற்கே உள்ள சின்ன ஊர் அது. என் அப்பா பிறந்த ஊர். அப்பா வாலாஜாபாத்துக்கு வந்து அரிசி மண்டி வைத்துவிட்டார். அண்ணனான பெரியப்பா அங்கேயே நிலத்தோடு இருந்தார். அந்த ஊருக்கு அவர்தான் கிராம முன்சீப். ஜனங்கள் மணியக்காரர் என்பார்கள். கொலை வழக்கென்றால் மணியக்காரர் சாட்சியாக இல்லாமல் இருக்காது. "யுவர் ஆனர், சாட்சிகளில் என் உறவினர் இருக்கக்கூடும், வேறு ஒருவரை நியமியுங்கள்" என்று ஒரு வரி சொன்னால் போதும். சொன்னால் கேஸ் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்குப் போய்விடும். அவன் அதற்குள் கோட்டுப் பொத்தானைப் போட ஆரம்பித்திருந்தான். நான் சொல்லவில்லை.

பெரியப்பா யாரென்று சொல்ல வேண்டும். என்னைச் சட்டக் கல்லூரியில் படிக்க வைத்தது அவர். கறுப்பு கோட்டுக்குத் துணி எடுத்துத் தந்தது அவர். எங்கள் குடும்பத்தில் அவர் முன்னால் என் அப்பாவே உட்கார மாட்டார். அவர் கேட்பார், நாங்கள் பதில் சொல்வோம். பிறந்ததிலிருந்து அவரிடம் நான் ஒரு கேள்வி கேட்டதாக ஞாபகம் இல்லை. சாப்பிட்டீங்களா என்று கேட்பதற்குக்கூடப் பெரியம்மாதான் இருந்தார்.

கேஸ் கட்டு கைக்கு வந்ததும் ரயிலிலேயே பிரித்துப் படித்தேன். போலீசிடம் ஒருவன் குற்றத்தை ஒப்புக்கொண்டால் கோர்ட்டில் செல்லாது. போலீஸ் வருவதற்கு முன்னால் கிராம முன்சீபிடம் ஒப்புக்கொண்டால் அதற்கு மதிப்பு உண்டு. அதனால், கேஸ் கட்டுகளை நம்பினால், அந்தக் காலத்தில் கொலை செய்தவர்கள் எல்லோரும் நேர்த்திக்கடன் போல நேரே மணியக்காரரிடம் போய் "நான்தான் செஞ்சேன்" என்று சொல்லிவிட்டுத்தான் மறுவேலை பார்த்தார்கள். இந்த வழக்கிலும் அப்படித்தான். ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி. குற்றவாளி தானே சாவடிக்கு வந்து கிராம முன்சீபிடம் சொன்னார். முன்சீப் அதை எழுதிக் கைநாட்டு வாங்கி, தலையாரி கையில் ரிப்போர்ட் கொடுத்து ஸ்டேஷனுக்கு அனுப்பினார். அந்த ரிப்போர்ட்டிலிருந்துதான் வழக்கே தொடங்குகிறது. அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது முந்தின நாள் நடந்த ஒரு கூலித் தகராறும், ஊரில் எல்லார் வீட்டிலும் இருக்கிற மாதிரி ஒரு கடப்பாரையும்தான்.

தேதியை இரண்டாம் முறை படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அது என் நிச்சயதார்த்தம் நடந்த நாள். வாலாஜாபாத் பஜார் தெருவில் பெண் வீட்டில், இரண்டு பக்கத்து ஜனமும் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, கூடத்தின் நடுவே ஜமக்காளத்தில் பெரியப்பா. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் லக்னப் பத்திரிகை வாசித்து முடிக்க வேண்டும் என்று சாஸ்திரிகளை அவசரப்படுத்தி, கடைசியில் காகிதத்தைப் பிடுங்கித் தானே உரக்க வாசித்தார். பத்து மணி சுமாருக்குப் போட்டோக்காரர் படம் எடுத்தார். நடுவில் ஜரிகை அங்கவஸ்திரத்தோடு பெரியப்பா, கையில் தட்டு, ஓரத்தில் அசட்டுச் சிரிப்போடு நான். அந்தப் படம் கண்ணாடி போட்டு என் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தது.

சிரிப்பு பாலாறு வரைக்கும்கூட வரவில்லை. ஒருவருடைய உயிரோ வாழ்நாளோ அந்த ஒரு தாளில் தொங்குகிறது, அந்தத் தாள் பொய் என்று உலகத்தில் யாரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும், அவருக்கு வக்கீலும் நானே. ரயில் ஆற்றோரமாகப் போகும்போது கட்டைத் திரும்பக் கட்டி மடியில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த வாய்தாவில் கோர்ட் வராந்தாவில் அவருடைய மனைவி என்னைத் தேடி வந்தார். இடுப்பில் ஒரு குழந்தை. காலனியிலிருந்து விடியலில் புறப்பட்டு இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். அந்தம்மாவுக்கு நான் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாது. நான் வாலாஜாபாத்துக்காரன், அவ்வளவுதான்.

"போலீசுக்காரங்க காலைலயே வந்து இஸ்துகினு போனாங்க சாமி," என்றார். "நான் ஓடிப்போயி மணியக்காரர் வூட்டாண்ட நின்னேன். வூடு பூட்டிக்கினு கீது. பக்கத்து வூட்டு அம்மாதான் சொன்னாங்க, யாருக்கோ நிச்சயதார்த்தம்னு எல்லாரும் வாலாஜாபாத் பூட்டாங்க, பொழுதோடதான் வருவாங்கன்னு. ஊர்லயே இல்லாதவரு எப்டி சாமி காலைல எழுதி வாங்கியிருப்பாரு?"

"யாருக்கு நிச்சயதார்த்தம்னு சொன்னாங்களா?" என்று கேட்டேன். அதுதான் எனக்கு முதலில் தெரிய வேண்டியிருந்தது.

"அது தெரியாதுங்க. நான் வேணா ஜட்ஜையாகிட்ட சொல்லட்டா?"

"நீ பேசக் கூடாது. பெண்டாட்டி சொன்னா கோர்ட்ல எடுபடாது. யார்கிட்டயும் இதச் சொல்லாத. நான் பாத்துக்கறேன்."

அந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டார். "ஒங்களத்தான் சாமி நம்பிக்கினு கீறோம்," என்றார். பெண்டாட்டி சாட்சி சொல்லக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. குழந்தை என் கோட்டின் வெள்ளைப் பட்டையைப் பிடித்து இழுத்தது. மெல்ல விடுவித்துக்கொண்டு உள்ளே போனேன்.

இப்போதும் வழி இருந்தது. ஜட்ஜிடம் போய், இந்த வழக்கில் நானே சாட்சி சொல்ல வேண்டியவன், என்னை விடுவியுங்கள் என்று சொல்லியிருக்கலாம். இதைப் பல தடவை ஒத்திகை பார்த்தேன். காலையில் ரயிலில் தைரியம் வரும். கோர்ட் வாசலில் இறங்கிப்போகும்.

விசாரணைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். செய்தி அவருக்கு எட்டியிருந்தது. கூடத்தில் இலை போட்டு உட்கார்ந்ததும், "இன்னாடா, எம்மேலயே கேஸ் நடத்தப் போறியாமே?" என்று பெரிதாகச் சிரித்தார். அவர் தலைக்கு மேலே சுவரில் அந்தப் படம். அதே அங்கவஸ்திரத்தைத்தான் அன்றும் போட்டிருந்தார்.

என் மனைவி சமையலறைக்குப் போகும்வரை பொறுத்திருந்து, "அன்னிக்கு நீங்க இங்க இருந்தீங்களே பெரியப்பா" என்றேன். அதைக் கேள்வியாகக் கேட்க எனக்கு வரவில்லை. சும்மா சொல்வது போலச் சொன்னேன்.

அவர் மறைக்கவே இல்லை. "பொழுது சாயத் திரும்பறேன், வாசல்ல ஜீப்பு நிக்குது. எல்லாத்தையும் எழுதி ரெடியா வெச்சிக்கினு இருக்காங்க. கையெழுத்துதான் பாக்கி. பொணம் காலைல கெடச்சிருக்கு, அப்போ காலைலயேதான ரிப்போர்ட் இருக்கணும்? நான் போட்டேன். இது இன்னா புதுசா? எங்கப்பா காலத்துலேர்ந்து இப்டித்தான நடக்குது." ஒரு வாய் சாப்பிட்டார். "அவன்தாண்டா பண்ணான். ஊருக்கே தெரியும்."

"தெரியும்னா, பாத்தவங்க யாராவது?"

இதுதான் அவரிடம் நான் கேட்ட முதல் உண்மையான கேள்வி. அவர் கை இலையில் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. எனக்கு அதுவரை பார்த்துப் பழக்கமில்லாத ஏதோ ஒன்று இருந்தது. பயம் என்று பிறகு புரிந்தது.

"தேதிய மட்டும் தொடாத," என்றார் தணிந்த குரலில். "தொட்டியானா உத்தியோகம் போவும். பொய்ச்சாட்சின்னு என்னத் தூக்கி உள்ள வெப்பான். இந்த வயசுல." உடனே சமாளித்துக்கொண்டு, "அதுக்காக ஒண்ணுமே கேக்காம வுட்டாலும் ஒனக்கு நல்லா இருக்காது. சர்க்கார் துட்டு குடுக்குதே. நாலு கேள்வி கேளு" என்றார்.

மோர்க்குழம்பு பரிமாறி முடிவதற்குள் நாலு கேள்விகளையும் இரண்டு பேருமாகத் தீர்மானித்தோம். இதை எழுதும்போது எனக்குக் காது மடல் சுடுகிறது. எதிர்த்தரப்புச் சாட்சியை வீட்டில் உட்கார வைத்து, சோறு போட்டு, குறுக்கு விசாரணையை அவரோடு கலந்து தயார் செய்த வக்கீல் நான். மூன்றாவது கேள்வியைச் சொன்னது பெரியப்பாதான். நன்றாக இருக்கிறது என்று பாராட்டவும் செய்தேன்.

விசாரணை நாள். பெரியப்பா சாட்சிக் கூண்டில் ஏறி, கேட்டதற்கெல்லாம் மணி மணியாகப் பதில் சொன்னார். காலை பத்து மணி, சாவடி, தானே வந்தான், அழுதான், சொன்னான். கோர்ட் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவரை 'எதிரி' என்பார்கள். பெரியப்பா அந்தச் சொல்லைச் சரளமாகச் சொன்னார். என் முறை வந்ததும் எழுந்தேன். இதை வேறு எங்கும் சொன்னதில்லை, அவரைப் பார்த்ததும் என் கை தானாகக் கும்பிடப் போயிற்று. பாதியில் மடக்கி, கவுனைச் சரிசெய்வது போல மாற்றிக்கொண்டேன்.

"நீங்கள் எத்தனை வருஷமாகக் கிராம முன்சீபாக இருக்கிறீர்கள்?"

"இருபத்தி ரெண்டு வருஷமா."

"எதிரிக்கும் உங்களுக்கும் முன்விரோதம் உண்டா?"

"கெடையாது."

"அப்போது சாவடியில் வேறு யார் இருந்தார்கள்?"

"தலையாரி இருந்தாரு."

"எதிரி உங்களிடம் எதுவும் சொல்லவில்லை, போலீசார் சொன்னபடி நீங்கள் எழுதினீர்கள் என்கிறேன்."

"தப்பு."

அவ்வளவுதான். நாலில் இரண்டு பெரியப்பாவுக்கு யோக்கியர் பட்டம் கட்டிக் கொடுத்தன. ஜட்ஜ் பேனாவை எடுக்காமல் என்னைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். நல்ல மனிதர். புதுப் பையன் எதையோ மறந்துவிட்டான் என்று நினைத்திருக்க வேண்டும். "வேறு கேள்வி ஏதாவது?" என்றார். எதிரிக் கூண்டிலிருந்து அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வராந்தாவில் அவர் மனைவி, நான் யாரிடமும் சொல்லாதே என்றபடி யாரிடமும் சொல்லாமல், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அன்று காலை நீங்கள் வாலாஜாபாத்தில் இருந்தீர்களா, இல்லையா? ஒரு மூச்சில் கேட்கக்கூடிய கேள்வி.

"இல்லை, யுவர் ஆனர்" என்றேன்.

பிறகு ஜட்ஜ் என் கட்சிக்காரரிடமே கேட்டார், சாட்சியங்களைப் பற்றி என்ன சொல்கிறாய் என்று. "நான் அன்னிக்கி மணியக்காரர் மூஞ்சியே பாக்கல எசமான். டேசன்ல இருந்தேன்" என்றார். உன் தரப்பில் சாட்சி உண்டா என்று ஜட்ஜ் கேட்டதற்கு அவர் என் பக்கம் திரும்பினார். நான் எழுந்து, "எதிரி தரப்பில் சாட்சி இல்லை" என்றேன்.

ஆயுள் தண்டனை. தீர்ப்பில் ஒரு வரி: கிராம முன்சீப் மதிப்புக்குரியவர், குறுக்கு விசாரணையில் அவர் சாட்சியம் சிறிதும் அசைக்கப்படவில்லை. கடைசியில் இன்னொரு வரி: அரசுச் செலவில் ஆஜரான இளம் வழக்கறிஞர் தம் கடமையைச் செம்மையாகச் செய்தார். இப்படி ஒரு வரி எழுதுவது வழக்கம்தான். பின்பெஞ்சு நண்பர்கள் கை குலுக்கினார்கள். பில் போட்டு, ஜட்ஜின் சான்று வாங்கி, கருவூலத்துக்கு நடையாய் நடந்து, ஏழெட்டு மாதம் கழித்துப் பணம் வாங்கினேன். ஒரு மேசை விசிறி வாங்கினோம். காற்று நன்றாகவே வந்தது.

ஹைகோர்ட்டில் ஜெயிலிலிருந்தே அப்பீல் போட்டார். அங்கேயும் சர்க்கார் செலவில் ஒரு வக்கீல். பாவம், நான் கேட்காத கேள்வியைக் காகிதத்தில் அவர் எங்கே தேடுவார். அப்பீல் தள்ளுபடி ஆனது.

பரம்பரை மணியக்காரர் பதவிகளை எடுத்துவிட்ட அடுத்த வருஷமே பெரியப்பா காலமானார். காரியத்துக்கு வந்தவர்கள் அவரைப் பற்றி நல்லதாகவே பேசினார்கள். நானும் பேசினேன். மேஸ்திரியைக் கொன்றது என் கட்சிக்காரர்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் என்னை நியமித்திருந்தார்கள்.

அதன் பிறகு ஒரு நாள் காலை அந்தம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கோர்ட் குமாஸ்தாவிடம் விலாசம் கேட்டு வந்ததாகச் சொன்னார். இடுப்பிலிருந்த குழந்தை இப்போது பாவாடை கட்டிய பெண்ணாகப் பக்கத்தில் நின்றது. ஏழு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, நன்னடத்தைக்காகச் சீக்கிரம் விடச் சொல்லி மேலே மனுப் போடலாம் என்று ஜெயிலில் யாரோ சொன்னார்களாம். "அத நீங்கதான் எழுதிக் குடுக்கணும் சாமி." அதற்குள் எனக்கு ஓரளவு தொழில் நடந்துகொண்டிருந்தது. உள்ளே வரச் சொல்லி, மேசையில் உட்கார்ந்து காகிதம் எடுத்தேன். மனசுக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது. இதையாவது ஒழுங்காகச் செய்துவிடலாம் என்று.

என் மனைவி இரண்டு பேருக்கும் காப்பி கொண்டுவந்தார். தம்ளரை வாங்கிக்கொண்டு அந்தம்மா நிமிர்ந்தபோது சுவரைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது எங்கூரு மணியக்காரராச்சே. இங்க இன்னாத்துக்கு மாட்டிகீறீங்க?"

"இவரோட பெரியப்பா," என்றார் என் மனைவி. அவருக்கு ஒன்றும் தெரியாது. "எங்க நிச்சயதார்த்தத்துல எடுத்தது. அன்னிக்கு அவர்தான் பத்திரிகை வாசிச்சார்."

"இங்கியா? வாலாஜாபாத்லயா?"

"ஆமா, பஜார் தெருவுல, எங்கப்பா வீட்ல."

"ஆவணி மாசங்களா?"

"ஆமா. ஒனக்கு எப்டித் தெரியும்?"

"வெள்ளிக்கிழமைங்களா?"

என் மனைவி சிரித்துக்கொண்டே ஆமாம் என்றார். அடுப்பில் ஏதோ பொங்குகிற சத்தம் கேட்டு உள்ளே போனார். நான் பேனாவை மூடினேன், திறந்தேன். காலில் விழுந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மகள் இருந்தாள், என் மனைவி உள்ளே இருந்தார், நான் நாற்காலியில் இருந்தேன். எழுந்திருக்கவில்லை.

அந்தம்மா காப்பியைக் குடிக்காமல் தரையில் வைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. "துட்டு குடுத்து வெச்ச வக்கீலா இருந்தா சட்டைய புட்சி கேக்கலாம்" என்றார். குரல் உயரவே இல்லை. "எழுதுங்க. வேற ஆள வெக்க எனக்கு இன்னா வழி கீது."

எழுதினேன். அந்த மாதிரி மனுவுக்கு ஒரு வாசகம் உண்டு. அது இல்லாமல் மேலே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எழுதி முடித்து, வழக்கப்படி படித்துக் காட்டினேன். 'என் கணவர் தாம் செய்த குற்றத்தை உணர்ந்து மனம் வருந்துகிறார்' என்ற இடத்தில் அந்தம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"அப்டி எழுதுனா, அவுருதான் செஞ்சாருன்னு ஆயிடுமே."

"அப்டி எழுதினாத்தான் விடுவாங்கம்மா."

முதல் தடவையாக 'அம்மா' என்று என் வாயில் வந்தது. அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை. படத்தை ஒரு தடவை பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்போ எழுதனது எழுதனதாவே இருக்கட்டும். எங்க வெக்கணும்?" என்று இடது கைப் பெருவிரலை நீட்டினார். மைப்பெட்டியைத் திறந்து கொடுத்தேன். அன்று நானாவது ஒரு காகிதம் எழுதியிருக்கலாம். அந்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு என் பெரியப்பா எங்கே இருந்தார் என்று நானே கையெழுத்துப் போட்டு. பெரியப்பாவும் போய்விட்டார், இனி யாருக்கு நஷ்டம்? எனக்குத்தான். என் பட்டமும் தொழிலும். அதனால் எழுதவில்லை.

மனு பலித்தது. மறு வருஷம் அவர் வெளியே வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

அதற்குச் சில மாதங்கள் கழித்து சுங்குவார்சத்திரத்தில் வாலாஜாபாத் பஸ் ஏறினேன். நல்ல கூட்டம். கம்பியைப் பிடித்து நின்றபோது, "சாமி, இங்க வந்து ஒக்காருங்க" என்று ஒரு குரல். அவர்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. எழுந்து நின்று, தோளில் இருந்த துண்டால் சீட்டைத் துடைத்தார். "பரவாயில்ல, நீங்க உட்காருங்க" என்றேன். கேட்கவில்லை. பக்கத்து சீட்டு ஆளிடம் என்னைக் காட்டி, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்:

"என் கேசுக்கு இவருதாங்க வக்கீலு. எங்ககிட்ட ஒத்தப் பைசா வாங்கல. எனக்கு விடுதலைக்கு மனு எழுதுனதும் இவருதான். இவரு மாதிரி ஒருத்தரு கெடைக்கணுமே."

அவர் மனைவி அவரிடம் சொல்லவில்லை. பெண்கள் பக்கம், நாலு வரிசை முன்னால், மகளோடு உட்கார்ந்திருந்தார். இந்தக் குரல் கேட்டும் திரும்பவில்லை. ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போதும் சொல்லியிருக்கலாம். பக்கத்து ஆள் எனக்கு நகர்ந்து இடம் கொடுத்துக் கும்பிட்டார். நான் உட்கார்ந்தேன். அவர்கள் இறங்க வேண்டிய இடம் வரைக்கும் அவர் என் பக்கத்தில் நின்றுகொண்டே வந்தார்.